எட்டு நாள் மஞ்சள்

சிட்னியில் பென்டில் ஹில் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போனால் இப்போதும் யாராவது என்னை மறித்துக் கேட்கிறார்கள்: "அண்ணை, உங்கட மஞ்சள்தானாம் மகளின்ர வருத்தத்தைப் பிடிச்சுக் குடுத்தது?" கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கதையைப் பரப்பினவன் நான்தான். அது முழுப் பொய்யும் அல்ல. ஆனால் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிட்டேன். எடுத்த வேலையைப் பாதியில் விட்ட பெயர் எனக்கு இல்லை. அதனால்தான் மீதியை எழுதுகிறேன். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்களும், அவர்களுக்குப் பக்கத்திலிருந்து புத்தி சொல்லிக்கொண்டிருப்பவர்களும் படித்தால் போதும்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்தவன். இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த ஆங்கிலம் யெஸ், நோ, சொறி. கோழி வெட்டும் தொழிற்சாலையில் இரண்டு வருடம் நின்றேன். பிறகு ஒரு இத்தாலியக்காரனுக்கு டைல்ஸ் பெட்டி தூக்கிக் கொடுக்கிற வேலை. அவன் பதிப்பதைப் பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்தேன். இன்றைக்கு என் பெயர் எழுதிய மூன்று வேன்கள் ஓடுகின்றன. சிட்னியின் மேற்குப் பக்கத்தில் நான் பதித்த குளியலறைகளுக்குக் கணக்கே இல்லை. தண்ணீர் தேங்குகிறது என்று ஒருவன்கூட என்னைத் திரும்பக் கூப்பிட்டதில்லை. படித்த பெரிய மனிதர்களெல்லாம், "அண்ணை, நீங்கள் சொன்னால் சரி" என்பார்கள். முப்பது வருடம் இதையே கேட்டுக்கொண்டிருந்தால், தான் எதைச் சொன்னாலும் சரிதான் என்று ஒரு மனிதனுக்குத் தோன்றிவிடும். எனக்கும் தோன்றியது.

மனைவி போய் ஒன்பது வருடம். ஒரே மகள் தர்ஷினி. மருமகன் சரவணன் மதுரைப் பக்கத்துப் பிள்ளை, கம்பியூட்டர் வேலை. கிரவீனில் என் வீட்டில் என்னோடுதான் இருவரும் இருக்கிறார்கள். தாய் இல்லாத பிள்ளை கர்ப்பமானால் யார் பார்ப்பது என்று ஊரில் கதைத்தார்கள். நான் பார்ப்பேன் என்றேன், பார்த்தேன். காலையில் கஞ்சி, மத்தியானம் சின்ன மீன் குழம்பு, இரவில் மஞ்சள் போட்ட பால். எந்த மாமியாரும் என்னை மிஞ்சியிருக்க முடியாது.

கர்ப்பத்தின் முப்பத்திநாலாவது கிழமை வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அந்தக் காலத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பிறகு மார்கிரட் என்கிற மருத்துவிச்சி சொல்லித்தான் அறிந்தேன். பிள்ளைக்குக் கை, கால், இதயம், குடல் எல்லாம் எப்போதோ முடிந்துவிடுகின்றன. கடைசிக் கிழமைகளில் நடப்பது பூச்சு வேலை. தோலுக்குக் கீழே கொழுப்புப் படிகிறது. சுருங்கிக் கிடந்த பிள்ளை அதனால்தான் உருண்டு திரள்கிறது. நுரையீரலுக்குள் வழுவழுப்பாக ஒன்று ஊறுகிறது. அது போதாவிட்டால், பிறந்து மூச்சு விடும்போது உள்ளே இருக்கிற சின்னச் சின்னப் பைகள் நனைந்த கடதாசி மாதிரி ஒட்டிக்கொள்ளும். உடம்பை மூடியிருந்த பூனைமயிர் உதிர்கிறது. தலை கீழ்ப்பக்கம் திரும்புகிறது. பிள்ளை உள்ளேயே நித்திரை கொள்ளும், விழிக்கும், விக்கல் எடுக்கும், வெளியே கதைக்கிறவர்களின் குரலும் அதற்குக் கேட்குமாம்.

அதே நேரம் தாயின் உடம்பும் சும்மா இருப்பதில்லை. கருப்பை விலா எலும்பு மட்டும் ஏறி மூச்சை முட்டவைக்கும். சாப்பிட்டது நெஞ்சில் நின்று எரியும். கணுக்கால் வீங்கும். சலம் போக எழும்பி எழும்பியே நித்திரை கெடும். இடைக்கிடை வயிறு கல்லாக இறுகிப் பிறகு தளரும். அது பிள்ளைப்பேற்று வலி இல்லை, உடம்பு பார்க்கிற ஒத்திகை. தர்ஷினி ஒவ்வொன்றாக வந்து சொல்லுவாள். "அது வழக்கம்தான் பிள்ளை" என்பேன். ஒவ்வொரு முறையும் நான் சொன்னது சரியாகவே இருந்தது. அங்கேதான் பிழை வந்தது. வழக்கம் இல்லாத ஒன்று வந்தபோதும் என் வாயில் அதே பதில்தான் நின்றது.

ஒரு காலையில் கஞ்சி வைக்கக் குசினிக்குள் போனால், தர்ஷினி கதிரையில் இருந்தபடி, தரைவிரிப்பு தேய்க்கிற தூரிகையால் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரவு முழுக்க அரித்ததாம். உள்ளங்கை, உள்ளங்கால் இரண்டும். பருவோ தடிப்போ ஒன்றும் இல்லை, சொறிந்த கீறல்தான் இருந்தது.

"சூடு பிள்ளை. வயித்துக்குள்ள பிள்ளைக்கு மயிர் முளைக்குது. அப்பிடித்தான் அரிக்கும்" என்றேன்.

"அது வயிறு அரிச்சால்தானே அப்பா? எனக்குக் கால் அரிக்குது."

"எல்லாம் ஒரு உடம்புதானே."

பச்சை மஞ்சள் வாங்கி வந்து, வேப்பிலைத் தூளோடு சேர்த்து நானே அரைத்தேன். கையிலும் காலிலும் தடிப்பாகப் பூசி, பழைய காலுறை போட்டுவிட்டேன். பூசினதும் கொஞ்சம் குளிர்ந்தது, அவளுக்கும் சுகமாக இருந்தது. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அன்றிரவு திரும்ப அரித்தது. மறுநாள் இன்னும் தடிப்பாகப் பூசினேன்.

மூன்றாம் நாள் சரவணன் கைபேசியோடு வந்து நின்றான். தயங்கித் தயங்கித்தான் பேசினான்.

"மாமா, உள்ளங்கை அரிச்சா உடனே சொல்லணும்னு இதுல போட்டிருக்கு. ஒரு தடவை போன் பண்ணிக் கேட்டுடலாமே."

"உங்கட போனுக்குப் பிள்ளை பெத்த அனுபவம் இருக்கோ தம்பி?"

"இல்ல மாமா. உங்களுக்கும் இல்லையே."

தர்ஷினி சிரித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. விரல் தேயாத வேலை செய்கிறவன் எனக்குச் சொல்ல வந்துவிட்டான் என்று நினைத்தேன். வாயாலும் ஏதோ சொன்னேன், அதை இங்கே எழுதத் தேவையில்லை. அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வீட்டில் நான் சொன்னதுதான் நடந்தது. எட்டு நாள் நடந்தது.

முப்பத்தைந்தாவது கிழமை வழக்கமான சோதனைக்கு நான்தான் அவளைக் கூட்டிப் போனேன். மார்கிரட் அறுபது வயது மதிக்கத்தக்க, அதிகம் சிரிக்காத ஒரு பெண். அளவு நாடாவால் வயிற்றை அளந்தாள், பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டாள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதினாள். பிறகு இரத்த அழுத்தம் பார்க்கக் கையைப் பிடித்தவள் அந்தக் கையை விடவில்லை. உள்ளங்கை, நகம், மணிக்கட்டு எல்லாம் மஞ்சளாக இருந்தன. இது என்ன என்று கேட்டாள். தர்ஷினி சிரித்துக்கொண்டே, அப்பாவின் மருந்து என்றாள். எதற்கு மருந்து என்று கேட்டாள் மார்கிரட். அரிப்புக்கு என்றாள் தர்ஷினி.

மார்கிரட் பேனாவை வைத்துவிட்டாள். எங்கே அரிக்கிறது, இரவில் கூடுகிறதா, தோலில் ஏதாவது எழும்பியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மருந்துப் பஞ்சால் கையைத் துடைத்துப் பார்த்தாள். எட்டு நாள் மஞ்சள் ஒரு துடைப்பில் போகுமா? மஞ்சள் எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. தர்ஷினியை ஜன்னல் ஓரம் நிற்கவைத்து, கண் இமையை இழுத்து வெள்ளை மஞ்சளித்திருக்கிறதா என்று பார்த்தாள். சலம் என்ன நிறம் என்று கேட்டாள். கடும் தேத்தண்ணி நிறம் என்றாள் தர்ஷினி. மஞ்சள் பால் குடிக்கிறபடியால் என்று நினைத்தாளாம். அதை அவள் எனக்குச் சொல்லவில்லை. தகப்பனிடம் எப்படிச் சொல்லுவாள்?

மார்கிரட் என் பக்கம் திரும்பி, எத்தனை நாளாக என்று கேட்டாள். அந்தளவு ஆங்கிலம் எனக்குத் தெரியும். இரண்டு மூன்று நாள் என்றேன்.

"எட்டு நாள், அப்பா" என்றாள் தர்ஷினி. சத்தமாகச் சொல்லவில்லை. பிறகு அதையே ஆங்கிலத்தில் மார்கிரட்டுக்குச் சொன்னாள்.

கடையில் நான் சொல்லித் திரிந்த கதை இதுதான்: மஞ்சளைக் கண்டுதான் மருத்துவிச்சி கேட்டாள், கேட்டபடியால்தான் பிடிபட்டது. உண்மைதான். மஞ்சள் பூசாமல் இருந்திருந்தால் எட்டு நாளுக்கு முன்னமே தொலைபேசியில் சொல்லியிருப்போம் என்பதுதான் நான் விழுங்கின மீதி.

அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரத்தம் எடுத்தார்கள். வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டிகளைக் கட்டினார்கள். ஒன்று பிள்ளையின் இதயத்தைக் கேட்கும், மற்றது வயிறு இறுகுவதைப் பார்க்கும். இரண்டும் ஒரு நீளக் கடதாசியில் கோடு கோடாக வரும். கோடு நேராகப் போனால் நல்லது என்று நினைத்தேன். தொழிலில் நேர்கோடுதானே அழகு. இங்கே அப்படி இல்லையாம். பிள்ளையின் துடிப்பு ஏறி இறங்கி, மேடும் பள்ளமுமாக வரவேண்டும். பிள்ளை அசையும்போது மேடு வந்தால் சந்தோசமாக இருக்கிறது என்று அர்த்தம். தர்ஷினியின் கோடு மேடும் பள்ளமுமாகத்தான் போனது. அரை மணித்தியாலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரவணன் வேலையிலிருந்து ஓடி வந்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

டொக்டர் ஒரு இளம் பெண், லியு என்று பெயர். என் வயதில் பாதிகூட இல்லை. கதிரையை இழுத்துப் போட்டு எங்களுக்கு முன்னால் இருந்து, வெறும் பேச்சு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள். ஈரல் பித்தநீரைச் செய்து குடலுக்குள் விடுகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உடம்பில் ஊறுகிற சுரப்புகள் சிலருக்கு அந்த ஓட்டத்தை மந்தமாக்கிவிடும். போகவேண்டிய பித்த உப்பு போக வழியில்லாமல் இரத்தத்தில் ஏறும். அதுதான் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிக்கிறது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாக வருமாம்.

எனக்கு உடனே பிடிபட்டது. குளியலறையில் தரை வாட்டம் பிழையாக இருந்தால் தண்ணீர் குழாயை நோக்கிப் போகாது, சுவரடியில் தேங்கும். மேலே என்னதான் பூசினாலும் ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். பூசிச் சரிப்படுத்துகிறவன் தொழில் தெரியாதவன் என்று என் பையன்களை எத்தனை தரம் ஏசியிருக்கிறேன். அதையே எட்டு நாள் நான் செய்திருக்கிறேன்.

தாய்க்கு இது அரிப்போடு போய்விடும், பிள்ளை பிறந்தால் ஈரல் தானாகத் தெளிந்துவிடும் என்றாள் டொக்டர். பிறகு பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். சரவணன் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தவன் அந்த இடத்தில் நிறுத்திவிட்டான். அவன் நிறுத்தியதிலிருந்தே விளங்கியது. பித்த உப்பு மிகவும் கூடினால், நன்றாக இருக்கிற பிள்ளையின் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகலாம். எல்லோருக்கும் அல்ல, சிலருக்குத்தான். ஆனால் யாருக்கு என்று எந்தப் பட்டியும் எந்தக் கோடும் முன்கூட்டிச் சொல்லாது.

ஈரல் சோதனையின் முடிவு அன்றே வந்தது, ஈரல் சரியாக இல்லை. பித்த உப்பின் அளவு வர இரண்டு நாள் ஆகும் என்று தர்ஷினியை அங்கேயே வைத்தார்கள். காசு கட்டி ஒரு பெரிய டொக்டரைப் பிடிப்போம் என்று நான் சொன்னேன். தர்ஷினி கட்டிலில் படுத்தபடி, "அப்பா, இவ பெரிய டொக்டர்தான்" என்றாள். கடைசிவரைக்கும் ஆஸ்பத்திரியில் கார் நிறுத்தியதைத் தவிர வேறு ஒன்றுக்கும் எங்களிடம் பணம் கேட்கவில்லை.

அந்த இரண்டு நாளும் நான் காத்திருக்கும் அறையில் இருந்தேன். சும்மா இருந்து பழக்கமில்லாத மனிதன் நான். தரையின் டைல்ஸைப் பார்த்தேன். நல்ல வேலை இல்லை, ஒரு மூலையில் வெட்டு கோணல். யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள். வேறு நேரமாக இருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பேன்.

கண்ணாடிக் கதவு வழியாக மருமகனைப் பார்த்தேன். இரவு ஏற ஏற அரிப்பும் கூடும், அவளால் படுக்க முடியாது. அவன் அவளுடைய காலடியில் ஒரு சின்ன முக்காலியில் இருந்து, ஈரத் துண்டைக் குளிர்நீரில் நனைத்து நனைத்து உள்ளங்காலில் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு துண்டு சூடானால் எடுத்து மற்றதைப் போடுவான். சொறிந்து இரத்தம் வரக்கூடாது என்று அவளுடைய பத்து விரல் நகங்களையும் வெட்டி, அரத்தால் தேய்த்து, தன் கன்னத்தில் உரசிக் கூர் இருக்கிறதா என்று பார்த்தான். விரல் தேயாத வேலைக்காரன் என்று நான் நினைத்த ஆள். அப்படி ஒரு வேலைக்காரன் என்னிடம் முப்பது வருடத்தில் வந்ததில்லை.

விடிய அவனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு நான் வாயால் சொன்னது பிழை என்றேன்.

"அத விடுங்க மாமா. சர்க்கரை போட்டிருக்கீங்களா?"

போட மறந்திருந்தேன். அவன் அப்படியே குடித்தான்.

பித்த உப்பு கூடத்தான் இருந்தது, ஆனால் பயப்படுகிற அளவுக்குக் கீழே. அரிப்பு தணிய மாத்திரை தந்து வீட்டுக்கு விட்டார்கள். இரண்டு நாளைக்கு ஒரு தரம் வந்து பட்டி கட்டவேண்டும், பிள்ளையின் அசைவு கொஞ்சம் மாறினாலும் உடனே அழைக்கவேண்டும். கடைசி மாதத்தில் இடம் காணாமல் பிள்ளை அசைவு குறையும் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். மார்கிரட் அதையும் உடைத்தாள். அசைகிற விதம் மாறலாம், உதை போய் உருளல் வரலாம், ஆனால் அசைவு குறையக்கூடாது. குறைந்தால் அது இடப் பிரச்சினை அல்ல. இதை நான் யாருக்காவது சொல்லியிருந்தேனா என்று கனநேரம் யோசித்தேன். இரண்டு வீட்டுக்குச் சொல்லியிருந்தேன். இரண்டு வீட்டுக்கும் அழைத்து மாற்றிச் சொன்னேன்.

அடுத்த கிழமை திரும்ப இரத்தம் எடுத்தார்கள். மறுநாள் மத்தியானம் டொக்டர் லியு தானே அழைத்தாள். பையோடு வாருங்கள் என்றாள். பித்த உப்பு, பயப்படுகிற அளவான நூறைத் தாண்டிவிட்டது. மருந்து கொடுத்து வலியை வரவைத்துப் பிள்ளையை எடுக்கவேண்டும், இன்றைக்கே தொடங்கலாம்.

அன்றைக்கு முப்பத்தாறு கிழமை நிறைந்திருந்தது. நாற்பது வரவேண்டும். என் மனம் அதை ஏற்கவில்லை. ஆஸ்பத்திரி அறையில் எல்லோருக்கும் முன்னால் எழும்பி நின்று சரவணனிடம் சொன்னேன். "காயாத தரையில ஒருத்தரும் கால் வைக்கிறேல்லை. நுரையீரல் இன்னும் முடியேல்லை எண்டு இவையளே சொன்னவை. இன்னும் ஒரு கிழமை பாப்பம் எண்டு கேளுங்கோ."

சரவணன் கேட்டான். டொக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, என்னையே பார்த்து மெதுவாகப் பதில் சொன்னாள். அவன் தமிழில் சொன்னான்:

"நீங்க சொல்றது சரிதானாம் மாமா. மூச்சு விடக் கொஞ்சம் கஷ்டப்படலாம், பால் குடிக்கச் சோம்பல் படலாம். ஆனா வெளிய வந்துட்டா அதுக்கெல்லாம் அவங்களால ஏதாச்சும் செய்ய முடியும். உள்ள இருக்கறப்ப ஒண்ணும் செய்ய முடியாதாம்."

தர்ஷினியின் வயிற்றில் கட்டியிருந்த பட்டியிலிருந்து பிள்ளையின் துடிப்பு குதிரை ஓடுகிற மாதிரிக் கேட்டது. முடிவு தாயுடையது என்றாள் டொக்டர். தர்ஷினி டொக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். எந்தச் சட்டை வாங்குவது, எந்தக் கார், எந்த வீடு, எல்லாவற்றுக்கும் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பார்ப்பாள். நானும் ஒருநாளும் யோசித்துப் பதில் சொன்னதில்லை.

"எனக்குத் தெரியாது, பிள்ளை" என்றேன்.

அந்த வார்த்தையை நான் வேறு எங்கும் சொன்னதாக ஞாபகம் இல்லை. ஒரு வாடிக்கையாளருக்கும் சொன்னதில்லை. சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். தர்ஷினி இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு டொக்டரின் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில் இரண்டே கேள்வி கேட்டாள். பதிலைக் கேட்டதும், சரி, இன்றைக்கே தொடங்குங்கள் என்றாள்.

வலி வரவைப்பது சொல்லுகிற மாதிரிச் சுலபம் இல்லை. உடம்பு இன்னும் ஆயத்தமாகவில்லை, அதை நாங்கள் கதவு தட்டி எழுப்புகிறோம். முதலில் கருப்பையின் வாயைத் திறக்கச் சின்னப் பலூன் ஒன்றை உள்ளே வைத்து நீரால் நிரப்பினார்கள். அது ஒரு இரவு. பிறகு பனிக்குடத்தை உடைத்துவிட்டார்கள், கையில் மருந்து ஏற்றினார்கள். அது ஒரு பகல். குடத்து நீர் பச்சையாக வந்ததாம். பிள்ளை உள்ளேயே மலம் போயிருக்கிறது. இந்த ஈரல் வருத்தத்தில் அது நடக்கிற விசயம்தானாம், ஆனால் பிள்ளை அதை மூச்சோடு இழுக்கக்கூடாது. இதைச் சொல்ல சரவணன் வெளியே வந்து, சொல்லிவிட்டு உடனே உள்ளே போய்விட்டான். அவனுடைய சட்டை மாறுபக்கம் போட்டிருந்தது. அவனுக்கும் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை.

என்னிடம் வேலை செய்கிற பையன்கள் இரண்டு பேர் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தார்கள். அண்ணை, வேலைத்தளத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை, நீங்கள் வராமலே எல்லாம் நடக்கிறது என்றார்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். மனதில் கொஞ்சம் சுட்டது, ஆனாலும் புட்டு நன்றாக இருந்தது.

பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு பேத்தி பிறந்தாள். இரண்டு கிலோ அறுநூறு. அழுதாள், ஆனால் பலமாக இல்லை. மூச்சு வேகமாக ஓடியது, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே இழுத்தது. சிசுப் பராமரிப்புக் கூடத்துக்குக் கொண்டுபோய், மூக்கில் சின்னக் குழாய் வைத்து, காற்றை மெல்ல அழுத்தி உள்ளே விட்டார்கள். நுரையீரல் பைகள் ஒட்டாமல் அந்தக் காற்று பிடித்து வைத்திருக்கும், இரண்டு நாள் கொடுங்கள், மிச்ச வேலையை அதுவே முடித்துக்கொள்ளும் என்றாள் அங்கே இருந்த தாதி.

கை கழுவிவிட்டு முதல் தரம் பார்க்கப் போனேன். தோளில் பூனைமயிர் இன்னும் இருந்தது. கழுத்து மடிப்பில் வெண்ணெய் மாதிரி வெள்ளை ஒட்டிக்கொண்டிருந்தது. அது உள்ளே தோலைத் தண்ணீரில் ஊறாமல் காக்கிற பூச்சாம். காது மடல் ஒரு பக்கம் மடிந்தால் மடிந்தபடியே கிடந்தது, தானாக நிமிரவில்லை. குருத்தெலும்பு இன்னும் இறுகவில்லை. நாலு கிழமை முந்தி வந்தது என்று அந்தக் காதுதான் எனக்குச் சொன்னது. நான் எட்டு நாளை எண்ணினேன். எட்டு நாளுக்கு முன் மாத்திரை தொடங்கியிருந்தால் அந்தக் காது நிமிர்ந்திருக்குமோ என்று எண்ணினேன். அளவு எப்படியும் ஏறியிருக்கலாம், சொல்ல முடியாது என்று டொக்டர் பிறகு சொன்னாள். என்னைத் தேற்றச் சொன்னாளா, உண்மையே அதுவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இரண்டு நாள் சொன்னார்கள், ஒன்றரை நாளில் குழாயைக் கழற்றிவிட்டார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் பேத்தியைத் தாயின் அறைக்குக் கொண்டுவந்தார்கள். சரவணன் உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போயிருந்தான். தர்ஷினி பால் கொடுத்தாள். பிள்ளை இரண்டு வாய் குடிக்கும், நித்திரையாகும். காலைத் தட்டி எழுப்பினால் இன்னும் இரண்டு வாய். நான் ஜன்னல் ஓரக் கதிரையில் இருந்தேன். சொல்லவேண்டியதை அப்போதுதான் சொன்னேன்.

"பிள்ளை, அந்த எட்டு நாளும் நான்தான். ஒரு போன் அடிக்க விட்டிருக்க வேணும். நான் விடேல்லை."

அவள் பிள்ளையைப் பார்த்தபடியே சொன்னாள். "அப்பா, எனக்கு முப்பத்தொரு வயசு. போன் என்ர கையிலதான் இருந்தது."

"நான் சொன்னதாலைதானே நீ—"

"நீங்கள் சொன்னதாலை இல்லை. ஒண்டும் இல்லை எண்டு ஆராவது சொல்லவேணும் போல இருந்தது, நீங்கள் சொன்னியள், அவ்வளவுதான். எல்லாத்தையும் நீங்களே செய்தனீங்கள் எண்டு நினைக்காதேங்கோ."

மன்னிப்புக் கேட்கப் போனவனிடமிருந்து, எல்லாம் தன்னால்தான் நடக்கிறது என்கிற நினைப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தோளிலிருந்து சீமெந்து மூட்டை ஒன்றை யாரோ இறக்கின மாதிரி இருந்தது.

"பிடியுங்கோ. நான் கொஞ்சம் நித்திரை கொள்ளப்போறன்" என்று பிள்ளையை என் கையில் தந்தாள்.

நான் எப்படிப் பிடிப்பது என்று கேட்டேன். கழுத்துக்குக் கீழே கை கொடுக்கச் சொன்னாள். சொன்னபடி செய்தேன். அவள் சரிந்து படுத்தாள். மூன்று கிழமையாக அவள் படுத்தால் முதலில் பாதம் ஒன்றோடொன்று உரசும், பிறகு விரல்கள் தொடங்கும். நான் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது உரசவில்லை. கை தலையணையில் திறந்தபடி கிடந்தது. ஒரு விரல்கூட அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்து குறட்டை விடத் தொடங்கினாள்.

சரவணன் இரண்டு மணித்தியாலம் கழித்துப் பையோடு வந்தான். வாசலில் நின்று, நித்திரையில் கிடந்த தர்ஷினியைப் பார்த்தான், கையிலிருந்த பையை மெதுவாகத் தரையில் வைத்தான். எனக்குக் கால் விறைத்து, தோள் எரிந்தது. முப்பது வருடம் முழங்காலில் நின்று வேலை செய்த உடம்பு, இப்படி ஒரு வலி கண்டதில்லை. அவன் பிள்ளையை வாங்கக் கை நீட்டினான். தர்ஷினி தானாக எழும்பும் மட்டும் நானே பிடிக்கிறேன் என்று கண்ணால் காட்டினேன். அவன் பக்கத்தில் வந்து தரையில் இருந்துகொண்டான்.